இரவல் எஞ்சினும் வண்டியின் ஒருமையும்

பழைய கார் ஒன்றின் எஞ்சினை இறக்கிவிட்டு, வேறொரு காரிலிருந்து கழற்றிய பெரிய எஞ்சினை அதில் ஏற்றுவது பட்டறைகளில் நடக்கும் வேலைதான். ஆனால் வேலை முடிந்து வெளியே வரும் வண்டி உள்ளே போன வண்டிதானா என்று கேட்கத் தொடங்கினால், உறுப்புகள் மாறியும் ஒரு பொருள் அதே பொருளாக நீடிப்பது எதனால் என்று கிரேக்கரும் இந்தியரும் நெடுங்காலம் வாதிட்ட வினாவுக்குள் போய்விட நேரிடும். மேலை மரபில் இவ்வினாவுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, புளூட்டார்க் எழுதிய தீசியஸ் வரலாற்றில் வரும் கப்பல்: ஏதென்ஸ் மக்கள் அதைப் பேணுவதற்காக உளுத்த பலகைகளை நீக்கிப் புதுப் பலகைகளைச் சேர்த்துவந்தனர்; அது அதே கப்பலா, வேறு கப்பலா என்பதில் அறிஞர்கள் இரு பக்கமாகப் பிரிந்தனர். எஞ்சின் மாற்றம் இக்கப்பலிலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. பலகைகள் காலப்போக்கில் மாறின. எஞ்சின் ஒரே வேலையில் முழுதாக மாறுகிறது. பலகைகள் முன்கதை இல்லாத மரம். எஞ்சினோ இன்னொரு வண்டியின் உறுப்பாக வாழ்ந்துவிட்டு வருகிறது. இந்த இரண்டாம் வேறுபாட்டைக் கப்பலைச் சுற்றியே நடந்த வாதங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

1962-இல் பிரிட்டனில் வெளிவந்த எம்ஜிபி என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கே சான்றாகக் கொள்ளலாம். அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது. 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஏறத்தாழ 95 குதிரைத்திறனும் உடையது. அதே காலத்தில் அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்து சில ஆண்டுகளிலேயே கைவிட்ட அலுமினிய வி8 எஞ்சினின் உரிமையை, அதாவது எட்டு சிலிண்டர்கள் இரு வரிசைகளாக ஒன்றையொன்று விலகிச் சாய்ந்து நிற்கும் எஞ்சினின் உரிமையை, பிரிட்டனின் ரோவர் நிறுவனம் வாங்கித் தன் பெரிய கார்களில் பொருத்தியது. அதன் கொள்ளளவு 3,528 கன சென்டிமீட்டர், எம்ஜிபியின் எஞ்சினைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆயினும் அலுமினியத்தால் ஆனதால் எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. இதைக் கண்டுகொண்ட கென் காஸ்டெல்லோ என்பவர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்ஜிபிகளில் அந்த எஞ்சினை ஏற்றி விற்றார். பின்னர் தொழிற்சாலையே அவர் வழியில் இறங்கி, 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்ற பெயரில் 2,591 கார்களைச் செய்தது. அதன்பிறகும் தனியார் பலர் துருப்பிடித்த ரோவர் கார்களிலிருந்து எஞ்சினைக் கழற்றித் தம் எம்ஜிபிகளில் ஏற்றிவந்தனர்.

பெரிய எஞ்சின் தனியாக வருவதில்லை என்பதையும் சேர்த்துக் கருதவேண்டும். அதன் முறுக்குவிசையைப் பழைய கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தாங்காமல் போகலாம். அதன் வேகத்துக்கு ஏற்பப் பின்னச்சின் பல்விகிதம் மாறவேண்டும். அதன் வெப்பத்துக்குப் பெரிய ரேடியேட்டரும், அது தரும் ஓட்டத்தை நிறுத்த வலுவான பிரேக்கும் வேண்டும். மாற்றம் எங்கே நிற்கவேண்டும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. யாரேனும் ஒருவர் கோடு கிழிக்கவேண்டியிருக்கிறது. பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை பல ஆண்டுகள் கடைப்பிடித்த மதிப்பெண் முறை அத்தகைய ஒரு கோடு. அடிச்சட்டகத்துக்கு, அல்லது சட்டகமும் உடலும் ஒன்றாக அமைந்த கூட்டுக்கு, 5 மதிப்பெண், சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஆகிய நான்குக்கும் தலா 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் 8 மதிப்பெண்ணுக்குரிய உறுப்புகள் பழையபடி இருந்தால்தான் வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள முடிந்தது. இக்கணக்கின்படி எஞ்சினும் கியர்பாக்ஸும் அச்சுகளும் மாறிய வண்டிக்கு 9 எஞ்சுகிறது. அது இன்னும் அதே வண்டி. சஸ்பென்ஷனையும் மாற்றினால் 7; அப்போது அதன் பழைய அடையாளம் போய்விடுகிறது. ஒன்பதுக்கும் ஏழுக்கும் நடுவில் இயற்கையில் எந்தப் பிளவும் இல்லை என்பது வெளிப்படை. ஆயினும் அலுவலர்கள் கிழித்த இக்கோட்டில் ஒரு செய்தி தெளிவாக இருக்கிறது: வண்டியை ஓடவைக்கும் உறுப்பே, அதன் ஒருமைக்கு மிகக் குறைவாகப் பங்களிக்கும் உறுப்பாகக் கருதப்பட்டது.

மக்கள் பேச்சு இதற்கு நேர்மாறு. எஞ்சினை வண்டியின் உயிர் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் எஞ்சின் மாற்றம் கூடுவிட்டுக் கூடுபாய்தலுக்கு ஒப்பாகும்; தமிழில் அதன் தலையாய கதை திருமூலருடையது. கயிலையிலிருந்து தென்திசை வந்த சிவயோகியார், சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் கதறுவதைக் கண்டு, அவற்றின் துயர் தீர்க்க அவனுடலில் புகுந்தார். பின் தம் உடலைத் தேடியபோது அது இல்லை. பெரியபுராணம் சொல்லும் இக்கதையில் மூலனின் மனைவி அணுகியபோது அவர் விலகி நின்றார்; ஊரார் அவர் நிலையை அறிந்து ஒதுங்கினர். ஆளாக நீடித்தவர் யோகியாரே, மூலன் அல்லன். கதாசரித்சாகரத்தில் வேதாளம் சொல்லும் கதை ஒன்றிலும், இருவரின் தலைகள் இடம்மாறி ஒட்டப்பட்டபோது, கணவனின் தலை இருக்கும் உடலே கணவன் என்று அரசன் விடையிறுக்கிறான். ஆளைப் பொறுத்தவரை அடையாளம் உள்ளே புகுந்ததன் பின்னால் போகிறது. காரைப் பொறுத்தவரை ரோவர் எஞ்சின் ஏறிய எம்ஜிபியை யாரும் உடல் மாறிய ரோவர் என்று அழைப்பதில்லை. ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: யோகியாருக்கு உலகம் வழங்கிய பெயர், அவர் புகுந்த உடலின் பெயர்தான்.

எனவே உயிர் என்ற உவமையைச் சற்று நிறுத்திச் சோதிக்கவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா, உடலை மாயையால் ஆன ஓர் இயந்திரமாகக் கொண்டு, அதனுள் அதனின் வேறாக ஆன்மா உண்டு என நிறுவுகிறது. அதில் வரும் காரணங்களுள் ஒன்று உறக்கத்தைப் பற்றியது: உறங்குபவனிடம் பிராணவாயு, அதாவது மூச்சாக இயங்கும் காற்று, ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆயினும் அப்போது நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை, ஆகவே பிராணன் ஆன்மா அன்று. நிறுத்திய வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினும் இதே நிலையில்தான் உள்ளது. அது இயக்கம் தருகிறது. எங்கே போவது என்பது அதற்குத் தெரியாது. சைவ சித்தாந்தக் கணக்கில் எஞ்சினுக்கு இணை பிராணனே. பிராணன் உடலின் பக்கத்தைச் சேர்ந்தது. அப்படிப் பார்த்தால், எஞ்சினுக்கு ஒரே மதிப்பெண் கொடுத்த அலுவலர்கள் தம்மை அறியாமலே ஒரு நுட்பமான கொள்கையோடு ஒத்துப்போயிருக்கிறார்கள்.

இந்திய மெய்யியலில் ஒரு வண்டியை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்த மிகப் பெயர்பெற்ற உரையாடல் மிலிந்த பண்கா என்ற பாலி நூலில் உள்ளது. கிரேக்க அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், ஏர்க்காலா தேர், அச்சா, சக்கரமா, தட்டா, கொடிக்கம்பமா, நுகமா, கடிவாளமா, தாற்றுக்கோலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் அன்று, அனைத்தின் சேர்க்கையைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு அவனைக் கொண்டுவருகிறார். இப்பட்டியலில் குதிரையை ஓட்டும் தாற்றுக்கோல் கூட உண்டு, குதிரை இல்லை. இழுப்பது தேருக்குப் புறம்பானது என்பது அக்காலத்தவர்க்கு விளக்கவே தேவையில்லாத செய்தி. குதிரை மாற்றினால் தேர் மாறுமா என்று யாரும் கேட்கவில்லை. இழுக்கும் ஆற்றல் சட்டகத்துக்குள் புகுந்து, அதில் திருகி இறுக்கப்பட்ட பிறகே இந்த ஐயம் பிறந்திருக்கிறது. எஞ்சின் குதிரையின் இடத்தில் வந்த உறுப்பு என்பதை அதன் ஆற்றலை அளக்கும் அலகே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நியாய, வைசேடிக மெய்யியலார் நாகசேனரின் முடிவை ஏற்கமாட்டார்கள். அவர்களுக்கு முழுமை வெறும் பெயரன்று. அவயவங்கள் எனப்படும் உறுப்புகளில், பிரிக்கமுடியாத உறவாகிய சமவாயத்தால் தங்கியிருக்கும் தனிப்பொருள் அது. அதற்கு அவயவி என்று பெயர். ஆனால் இந்த உறுதிக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது: உறுப்பு ஒன்று நீங்கினாலும் பழைய அவயவி அழிந்து புதிய அவயவி தோன்றுகிறது. இதன்படி எஞ்சின் மாறிய எம்ஜிபி மட்டுமல்ல, ஒரு போல்ட் மாறிய எம்ஜிபியும் புது வண்டிதான். தருக்கத்தில் குற்றமில்லாத இக்கொள்கையைக் கொண்டு எந்தப் பதிவு அலுவலகமும் ஒரு நாள்கூட நடக்காது.

இவ்வினா நீதிமன்றம் வரை சென்று தீர்ப்புப் பெற்ற நிகழ்வும் உண்டு. பென்ட்லி நிறுவனத்தின் ஸ்பீட் சிக்ஸ் பந்தயக் கார்களுள் ஒன்று, பின்னர் ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர்பெற்றது, பிரான்சின் ல மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை 1929-இலும் 1930-இலும் வென்றது. இரு முறையும் ஓட்டியவர்களுள் ஒருவர் வுல்ஃப் பர்னாட்டோ. அதன் எஞ்சின் 6,597 கன சென்டிமீட்டர். 1932-இல் அதை எடுத்துவிட்டு, பென்ட்லியின் 8 லிட்டர் காருக்குரிய பெரிய எஞ்சினை அதில் ஏற்றினர், சட்டகமும் வேறானது. அவ்வாண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில் அந்த வண்டி சரிவான கரையைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பிறகு அது மூடிய உடலுடைய காராகத் திரும்பக் கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசப்பட்டபோது, வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் அன்று என்று பின்வாங்கியது; வழக்கு 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் முன் வந்தது.

வல்லுநர் சாட்சியத்தின்படி 1929-இல் வென்ற காரின் பகுதி என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் எஞ்சவில்லை. 1930 காரிலிருந்து மிஞ்சியவை பெடல் தண்டும் கியர்பாக்ஸ் கூடும் ஸ்டியரிங் தண்டும் போன்ற சிலவே. இருந்தும் நீதிபதி விற்பவர் பக்கம் தீர்த்தார். பந்தயத்தை வென்ற அதே நிலையிலுள்ள மூலக் கார் என்று இதைச் சொல்லமுடியாது. ஆனால் எந்தக் கட்டத்திலும் அது கலைந்து மறைந்துபோகவில்லை, ஒவ்வொரு மாற்றமும் முந்தைய வண்டியின் மேலேயே நடந்தது, ஆகவே அந்தப் பெயருக்கு இதற்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். பௌத்தர்கள் சந்தானம் என்று அழைப்பதும் இதுதான்: ஒரு கணத்துப் பொருள் அடுத்த கணத்துப் பொருளுக்குக் காரணமாகி அறுபடாமல் ஓடும் தொடர். இரவின் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்று நாகசேனர் காட்டியதை, நீதிமன்றம் ஒரு விற்பனை ஒப்பந்தத்துக்குப் பொருத்திப் பார்த்துவிட்டது எனலாம்.

ஆயினும் தொடர்ச்சி என்ற விடை முழுமையானது அன்று. எஞ்சினுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. ரோவரில் ஓடியபோதும், கழற்றித் தரையில் வைத்தபோதும், எம்ஜிபியில் ஏறியபோதும் அது அறுபடவில்லை. இரு ஓடைகள் கலக்குமிடத்தில் பெயர் எதன் பின்னால் போகும் என்பதைச் சந்தானக் கொள்கை தானாகச் சொல்லாது. தாமஸ் ஹாப்ஸ் 1655-இல், கப்பலிலிருந்து நீக்கிய பழைய பலகைகளைச் சேர்த்துவைத்து ஒருவர் இரண்டாம் கப்பல் கட்டினால் எது தீசியஸ் கப்பல் என்று கேட்டபோது தொட்டதும் இந்தச் சிக்கலையே. இங்கே விடை பொருளில் இல்லை, பயன்பாட்டில் உள்ளது என்று கொள்வதே பொருத்தம்: எந்த முழுமையின் வேலைக்காக மற்றது கழற்றப்பட்டதோ, அந்த முழுமை பெயரை வைத்துக்கொள்கிறது. எம்ஜிபிக்காக ரோவர் கலைக்கப்பட்டது. ரோவருக்காக எம்ஜிபி கலைக்கப்படவில்லை. திருமூலர் கதையில் மூலனின் பசுக்களுக்காகவே புகுதல் நடந்தது, பெயரும் மூலனின் உடலோடு நின்றது என்பதையும் இங்கே நினைக்கலாம்.

பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், வரலாற்று வண்டிகளில் மாற்றம் செய்யவேண்டிவந்தால் அது திரும்ப மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்றும், கழற்றிய மூல உறுப்புகளை வண்டியோடு வைத்திருக்கவேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. பொருத்தப்படாத எஞ்சினும் அந்த வண்டியைச் சேர்ந்ததே என்ற துணிவு இதில் உள்ளடங்கியிருக்கிறது. நியாயவாதி இதை வெறும் உடைமை உறவு என்பார், பௌத்தர் வழக்கு என்பார். எம்ஜிபியின் இரும்பு எஞ்சினுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. எஞ்சினை இழந்த ரோவருக்கு அப்படியொரு பரிந்துரை எதுவும் இல்லை. அதன் கூடு உடைப்புக்குப் போய் நசுங்கியபின் பதிவு முடிந்துவிடுகிறது, அதன் எஞ்சின் எண் மட்டும் எம்ஜிபியின் பதிவுச் சான்றில், மாற்றத்தைத் தெரிவிக்கும் திருத்தமாக, எழுதப்படுகிறது.