வீட்டில் விளையாடுவது வீண் பொழுதா?

நேரம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அதற்கு மறுமையில் கணக்குக் கேட்கப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். அப்படியிருக்க, குடும்பத் தலைவர் ஒருவர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து காய் நகர்த்திக் கொண்டிருப்பது முறைதானா? ஸ்ரீமுஷ்ணத்தில் உறவினர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது இக்கேள்வி நம் முன் எழுந்தது.

அவ்வீட்டுத் தலைவர் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையொன்றில் வேலை செய்கிறார். காலையில் பஸ் ஏறினால் திரும்புவது மஃரிபுக்குப் பின்தான். அவர் வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகள் மூலைக்கொருவராக ஒதுங்கிவிடுவார்கள். “தொழுதாயா? படித்தாயா?” இவ்விரண்டு கேள்விகளோடு அன்றைய உறவு முடிந்துவிடும். பிறகு ஆளுக்கொரு செல்போன். ஒரே கூரையின் கீழ் ஐந்து தனித்தனி உலகங்கள்!

அன்றிரவு மின்சாரம் நின்றுபோனது. நன்னி பழைய தகரப்பெட்டியைத் திறந்து பல்லாங்குழிப் பலகையை எடுத்தார். உடன் பித்தளைத் தாயக்கட்டைகளும் கிடந்தன. “தாயம் ஆடுவோம் அத்தா” என்றான் பையன். தந்தையோ, “மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?” என்று நம்மைப் பார்த்தார்.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையார் முந்திவிட்டார்கள். வேறொரு பயணத்தில் நாயகம் முந்தினார்கள். அதற்கு இது ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. அன்னையார் தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடியதை நாயகம் தடுக்கவில்லை; கூச்சத்தால் ஒளிந்த தோழியரை மீண்டும் விளையாட அனுப்பி வைத்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. ஸஜ்தாவில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோது, பிள்ளையின் ஆசை தீரும் வரை ஸஜ்தாவை நீட்டியதாக நஸாயீயில் காண்கிறோம். உம்மத்தின் சுமை முழுவதையும் தாங்கிய அவர்களுக்கு இதற்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லையென்று சொல்ல முடியுமா?

அதனால் எல்லா ஆட்டமும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. திருமறையின் 5:90, 91 வசனங்கள் சூதாட்டத்தை விலக்கி, அதன் காரணத்தையும் விளக்குகின்றன. ஷைத்தான் அதன் மூலம் உங்களிடையே பகையை மூட்டுவான். அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுப்பான் என்பதே அதன் கருத்து. பணம் வைத்து ஆடுவது எவ்வகையாயினும் ஹராம். பகடை ஆட்டத்தை வன்மையாகக் கண்டிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருப்பதால், பந்தயம் இல்லாவிட்டாலும் அது கூடாதென்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. சதுரங்கத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே நலம்.

ஆகவே தாயக்கட்டைகள் பெட்டிக்குள் திரும்பின. பல்லாங்குழியில் உருட்டிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, எண்ணிப் போடுவதுதான். பதினான்கு குழிகள், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. இவ்வின ஆட்டங்களுக்கு உலகில் வழங்கும் ‘மன்கலா’ என்ற பெயரே, நகர்த்துவது என்று பொருள்படும் ‘நகல’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

தந்தையும் எட்டாம் வகுப்பு மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் தோற்றார். மகள் சிரித்தாள். தோற்றதைவிட வேறொன்று அவரை வாட்டியது. மகள் ஒவ்வொரு குழியிலும் முகத்தைக் கொண்டுபோய்க் கொட்டைகளை எண்ணினாள். விளக்கை அருகில் வைத்தும் அப்படியே. “கண் தெரியலையாம்மா?” என்றார். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “கரும்பலகையும் தெரியலை அத்தா. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை” என்றாள். மார்க்கு குறைந்ததற்காக ஓராண்டாக அந்தப் பிள்ளையைக் கடிந்துகொண்டிருந்தவர் அவர்! மறுவாரமே கண்ணாடி வந்தது.

அதிகாரம் செய்யும் தந்தையிடம் பிள்ளை பதில் மட்டும் சொல்லும், மனத்தைத் திறப்பதில்லை. ஆட்டத்தில் தந்தையும் தம் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். விதிக்குக் கட்டுப்பட வேண்டும். தோற்றால் ஒப்புக்கொள்ள வேண்டும். கோபிக்காமல் தோற்கும் தந்தையைக் கண்ட பிள்ளை அழுகுணி ஆட்டம் ஆடாது. நேர்மையைப் பற்றி நூறு முறை உபதேசிப்பதைவிட இது ஆழமாகப் பதியும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னைச் சிறுமி காசிமாவுக்கு ஆட்டம் கற்பித்தவர், ஆட்டோ ஓட்டும் அவருடைய தந்தையே. நம் பிள்ளைகள் எல்லோரும் தங்கம் வெல்ல வேண்டியதில்லை. நம்மிடம் வாய் திறந்து பேசினால் போதும்.

எல்லையையும் அன்னையாரே கூறியிருக்கிறார்கள். வீட்டில் நாயகம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள்; தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள். ஸ்ரீமுஷ்ணத்து வீட்டிலும் அன்று இஷா பாங்கு கேட்டது. ஆட்டம் பாதியில் நின்றது. தந்தையும் மகனும் பள்ளிக்குச் சேர்ந்தே நடந்தார்கள். அதுவரை அவன் எப்போதும் பத்தடி பின்னால்தான் வருவானாம்.

நம் இல்லங்களை அன்பும் அச்சமின்மையும் நிறைந்தவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.