மலையைக் கேட்டு வாங்குங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்பும்போது எல்லார் கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். மேலே பூப்படம், கீழே பளபள எழுத்தில் ஒரு வசனம். அரூரில் கிறிஸ்தவ வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், பீரோ கதவில் ஒட்டியிருப்பார்கள். போன வருடத்து அட்டையின் மேலேயே இந்த வருடத்து அட்டை. ஓரத்தில் பழைய செலோடேப் மஞ்சளாகிக் கிடக்கும். சரி, ஒட்டினோம். ஒட்டிய பிறகு என்ன செய்தோம்? உட்கார்ந்துகொண்டோம்!

"கர்த்தர் பார்த்துக்குவார்" என்கிறோம். பார்த்துக்கொள்வார், எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல் உங்கள் வாயில் விசுவாசத்திலிருந்து வருகிறதா, பயத்திலிருந்து வருகிறதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். "எனக்கு நாற்பத்தஞ்சு ஆச்சுங்க, இனிமே என்ன, புள்ளைங்க நல்லா இருந்தா போதும்" என்று ஜெபக்கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காரும் அக்காவும், "திருப்பூர்ல போன வருஷமெல்லாம் வீண்" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தலைகுனிந்து நிற்கும் தம்பியும், ஊழியம் ஊழியம் என்று வாரமெல்லாம் வெளியூர் கூட்டங்களுக்கு ஓடி, மகன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்றே தடுமாறும் அண்ணனும் இதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் மூன்று பேரையும் பார்த்துத்தான் பேசுகிறேன்.

யோசுவா புத்தகத்தில் 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். நிலம் பங்கு பிரிக்கிறார்கள். காலேப் எழுந்து வருகிறான். வயது 85. சமவெளியில் நாலு ஏக்கர் நஞ்சை கொடுங்கள், கடைசிக் காலத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றா கேட்டான்? இராட்சதர்கள் குடியிருக்கிற மலையை, மதில் வைத்த பட்டணங்கள் உள்ள மலையைக் கேட்டான். நாற்பது வயதில் இருந்த பலம் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று வாதாடிக் கேட்டான். வாங்கினான்.

"அதெல்லாம் வேதாகம காலம்ங்க" என்பீர்கள். இருக்கட்டும். நம் சித்தேரி மலையையும் கல்வராயன் மலையையும் தாண்டித் தெற்கே போனால் கொல்லிமலை. அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

1879இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர் ஈவ்லின். ஓவியம் வரைகிற கை. முப்பது வயதைத் தாண்டி மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை பெண்ணைவிட ஆறு வயது இளையவர். (நம் ஊரில் ஜாதகம் பார்க்காத கிறிஸ்தவ வீடுகள்கூட இதற்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்காது!) இருவரும் கொல்லிமலை ஏறினார்கள். சாலை கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. மலைக்காய்ச்சல் மட்டும் தாராளமாக இருந்தது.

ஜெஸ்ஸி டாக்டர் அல்ல. கட்டட வேலை தெரிந்தவர். கொஞ்ச காலம் வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர் செய்ததைப் பாருங்கள். அன்று மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. தண்ணீரோடு வயிற்றுக்குள் போகும் கிருமி உடம்புக்குள் நூல்போல நீளமாக வளர்ந்து, காலில் கொப்புளமாகி, தலையை வெளியே நீட்டும். பிடித்து இழுத்தால் அறுந்துபோகும், உள்ளே சீழ் வைக்கும். அதனால் ஒரு சின்னக் குச்சியில் அதன் நுனியைச் சுற்றி, இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று பொறுமையாக உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி எடுத்தார். புண்ணுள்ள காலோடு ஆட்கள் இறங்கி நின்று தண்ணீர் எடுக்கும் வரை நோய் போகாது என்று தெரிந்ததும், கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லிக் கொடுத்தார்கள். கணவனும் மனைவியும் ஜெபித்தார்கள், சுவரும் வைத்தார்கள். இரண்டையும் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த வீட்டில் பால் என்றொரு மகன், கோனி என்றொரு மகள். பள்ளிக்கூடம் இல்லாத மலையில் அம்மாதான் டீச்சர். பையன் நாலு சுவருக்குள் உட்கார மாட்டான். விட்டுவிட்டார் அம்மா. பலாமரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்து பாடம் எழுதுவான், எழுதி முடித்த தாளைக் கீழே போடுவான், அம்மா எடுத்துத் திருத்துவார். "ஒழுங்கா உக்காந்து படிடா" என்று முதுகில் இரண்டு வைக்கிற நமக்கு, இந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இவர்கள் செய்ததையெல்லாம் நான் கைதட்டி வரவேற்கப் போவதில்லை. பாலுக்கு ஒன்பது வயதில் இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் உறவினர் வீட்டில் படிக்க விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தக் கால மிஷனரிக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். ஆனாலும் பையன் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1929இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இறந்துபோன அப்பா எழுதிய கடிதத்தைப் பதினைந்து வயதை நெருங்கிய பையன் பிரித்துப் படிப்பதை நினைத்துப் பாருங்கள். ஊழியத்துக்காகக் குடும்பத்தைக் கொடுத்தேன் என்று மேடையில் சாட்சி சொல்கிற அண்ணே, கொடுத்தது நீங்கள் மட்டும் அல்ல. பிள்ளையும் கொடுக்கிறான், அவனை யாரும் சம்மதம் கேட்பதில்லை.

ஐம்பது வயதில் விதவையான ஈவ்லின் இங்கிலாந்து போனார். உடைந்துபோய்த்தான் போனார். மகனே அவரைப் பார்த்துத் திகைத்தான், அவ்வளவு ஒடுங்கியிருந்தார். "பாவம், இனி ஓய்வெடுக்கட்டும்" என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ திரும்பி வந்தார். எழுபதை நெருங்கும்போது மிஷன் நிர்வாகம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. சரி என்று வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, இனி உங்கள் கணக்கில் இல்லை, என் கணக்கில் போகிறேன் என்று மலை ஏறிவிட்டார்! கொல்லிமலையில் நிற்கவில்லை. ஜெஸ்ஸியும் தானும் போக ஆசைப்பட்டிருந்த பக்கத்து மலைகள் பாக்கி இருந்தன, நம் கல்வராயன் மலை உட்பட. மட்டக்குதிரையில் போனார், விழுந்தார், மறுபடி ஏறினார். 75 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குள் வேலூரில் பெரிய அறுவை மருத்துவராகிவிட்ட மகன், "போதும்மா, கீழே வந்துடுங்க" என்று மன்றாடினார். மசியவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். 1974இல், 95 வயதில் இறந்தார். ஜெஸ்ஸியின் பக்கத்தில் மலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

நாற்பத்தைந்தில் "இனிமே என்ன" என்கிற அக்கா! அந்த அம்மாவின் மலைவாழ்வில் பெரும்பகுதி உங்கள் வயதுக்கு மேல்தான் நடந்தது. எனக்கு அவ்வளவு விசுவாசம் இல்லை என்று தப்பிக்காதீர்கள். எல்லார் மாத்திரைச் செலவுக்கும் மஞ்சள் வெட்டுக் கூலியிலிருந்து எடுத்து வைக்கிறீர்கள், மகளிர் குழுத் தவணையை ஒரு வாரம் தவறாமல் கட்டுகிறீர்கள், கிழங்கு விலை விழுந்த வருடத்தில் வீட்டைத் தூக்கி நிறுத்தினீர்கள். அவ்வளவும் செய்த கை, தனக்கென்று ஒரு காரியம் தொடங்கும்போது மட்டும் நடுங்குகிறது. தாழ்மை என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். தாலந்தை மண்ணில் புதைத்தவனை எஜமான் பாராட்டவில்லை, திட்டித்தான் அனுப்பினார்.

தம்பி, இப்போது உன்னிடம் வருகிறேன். வீணாய்ப்போன வருடம் என்கிறாயே, பால் பிராண்டின் கதையைக் கேள். அப்பா புண்களைக் கீறிச் சீழ் எடுப்பதையும் சிலந்தியை உருட்டி எடுப்பதையும் பார்த்து வளர்ந்தவனுக்கு மருத்துவம் என்றாலே குமட்டல். அதனால் டாக்டர் படிப்பு வேண்டவே வேண்டாம் என்று கட்டட வேலைக்குப் போனான். தச்சு வேலை, கல் வேலை என்று வருடக்கணக்கில் கையால் வேலை செய்தான். பிறகு மனம் மாறி மருத்துவம் படித்தபோது, போன வருடங்கள் எல்லாம் தண்டம் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிச் சுருண்ட கைகளைப் பார்த்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகம் நம்பிய காலம் அது. அவர் கூர்ந்து பார்த்துச் சொன்னார்: சதை அழுகவில்லை, நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது. அடுப்பில் சுட்டாலும் எலி கடித்தாலும் தெரியாததால்தான் விரல் போகிறது. நல்ல தசைநாரை இடம் மாற்றிக் கட்டி, மடங்கிய விரலை மறுபடி திறக்க வைத்தார். 1960இல் லாஸ்கர் விருது வந்தது.

அதோடு முடியவில்லை. குணமாகிப் போனவர்கள் பிழைப்பு இல்லாமல் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுக்க வேலூரில் இடம் ஏற்படுத்தினார். எந்தக் கருவியின் எந்தக் கைப்பிடி உணர்ச்சியற்ற விரலைக் கிழிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே கற்றது? மருத்துவக் கல்லூரியிலா? திருப்பூரில் நீ ஓவர்லாக் ஓட்டிய வருடமும் பெங்களூரில் சென்ட்ரிங் அடித்த வருடமும் உன் கையில்தான் இருக்கிறது தம்பி, எங்கேயும் போய்விடவில்லை. கம்பெனிக்காரன் பிஎஃப் பணத்தை வேண்டுமானால் இழுத்தடிக்கலாம், கைத்தொழிலை எப்படிப் பிடித்து வைப்பான்?

பால் பிராண்ட் கடைசி வரை பேசியது வலியைப் பற்றித்தான். வலி தெரிவது கடவுள் கொடுத்த பாதுகாப்பு என்றார். வீட்டுக்கும் அது பொருந்தும். மனைவி முகம் வாடினால் தெரிகிறதா? மகள் ஒரு வாரமாய் சாப்பிடும்போது பேசவில்லை என்பது உறைக்கிறதா? உறைத்தால் வீடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்நிய பாஷையில் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு வந்தும் அது உறைக்கவில்லை என்றால், முதலில் அதற்காக ஜெபியுங்கள்.

கதை எல்லாம் வெள்ளைக்காரர்களுடையது என்று தோன்றுகிறதா? கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கிக்கு ஒருநாள் பஸ் ஏறுங்கள். 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி ஒரு கூரைக் குடிசையில் தொடங்கிய 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. அங்கே செவிலி வேலை பார்க்க வெளியூரிலிருந்து ஆள் இறக்குமதி செய்து காலம் தள்ளவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் மலைவாழ் பெண்களுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய படிப்பு இல்லாத பெண்கள் பிரசவம் பார்க்கவும் ஆபரேஷன் தியேட்டரில் உதவவும் கற்றார்கள். நம் தாலுகாப் பெண்கள்தான் அவர்கள். நாம் குடிக்கிற தண்ணீரைத்தான் அவர்களும் குடித்தார்கள், நாம் ஏறுகிற பஸ்ஸில்தான் அவர்களும் ஏறினார்கள்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் "எனக்காக ஜெபிங்கய்யா" என்று கேளுங்கள், தவறே இல்லை. ஆமென் சொல்லி முடித்ததும் அடுத்த காரியத்துக்கு நடங்கள். அக்கா, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வயது ஒரு தடை இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எப்போது என்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். சாராளே சிரித்தாள், ஈசாக்கு பிறக்காமலா போனான்? தம்பி, உனக்குத் தெரிந்த வேலையை ஒரு தாளில் எழுது. தெரியாதது என்று விட்டுவிடாமல் பாதி தெரிந்ததையும் எழுது. அந்தப் பாதியை யார் முழுசாகச் சொல்லித் தருவார்கள் என்று இந்த வாரமே தேடிப் போ.

அண்ணே, உங்களுக்கு மலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்று ராத்திரிக் கூட்டத்தை வேறு யாராவது நடத்தட்டும். மகன் பக்கத்தில் போய் உட்காருங்கள். கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். ஒன்றும் புரியவில்லையா? "எனக்குச் சொல்லிக் கொடுடா" என்று அவனிடமே கேளுங்கள்.