சனிக்கிழமை வண்டி வருமுன்

2025 அக்டோபரிலிருந்து சென்னை மாநகராட்சி, வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கிய சோபா, மெத்தை, மேசை, நாற்காலி, பழந்துணி போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் தனியாக வந்து எடுத்துக்கொள்கிறது. 1913 என்ற எண்ணுக்கு போன் செய்து சொன்னால் வண்டி வரும். நல்ல ஏற்பாடுதான். இதற்கு முன்னால் இவை இரவோடு இரவாகக் கால்வாய் ஓரத்திலும் டிரான்ஸ்பார்மர் அடியிலும் வந்து விழும். மழைக்காலத்தில் வடிகாலை அடைத்துக்கொள்ளும். இப்போது எடுத்துப் போய் எரிக்கிறார்கள். எரிக்கும் உலை இருப்பது மணலியில்.

மணலி எங்களுக்குப் பக்கத்து ஊர். மாத்தூர் எம்.எம்.டி.ஏ.யில் பழைய மரச்சாமான், பீரோ, கட்டில் வாங்கிச் சரிசெய்து விற்பது என் பிழைப்பு. அடையாறில் ஒதுக்கிய நாற்காலியும் அண்ணா நகரில் தள்ளிய சோபாவும் கடைசியாக வந்து சேருவது எங்கள் பக்கம்தான் என்பது எனக்குள் ஏதோ செய்கிறது. வேலைக்கு நடுவே அவ்வப்போது எழுதி வைத்தவை இவை.

*

ஒரு மேசை வந்தால் முதலில் கவிழ்த்துப் போடுவேன். மேல்பக்கத்தை நம்ப முடியாது. சன்மைக்கா, பாலிஷ், மேசைவிரிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். அடிப்பக்கத்தை யாரும் அலங்கரிப்பதில்லை. உளி பட்ட தடம், தச்சர் பென்சிலால் போட்ட கோடு, கால் சேரும் இடத்தில் அடித்த மூங்கில் ஆணி எல்லாம் அங்கே அப்படியே இருக்கும்.

ஒரு கட்டையின் நாக்கு இன்னொரு கட்டையின் துளைக்குள் நுழைந்து நிற்கிறதா, அல்லது நாலு திருகாணியை நம்பி நிற்கிறதா என்பதுதான் நான் தேடுவது. முன்னது ஆடினால் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி இறுக்கலாம். இன்னும் இருபது வருஷம் நிற்கும். பின்னதில் திருகாணி தின்ற ஓட்டை பெரிதாகிவிட்டால் பிடிமானம் கிடையாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ராயபுரத்துப் பெரியவர் மூர் மார்க்கெட் பழைய சாமான் கடைகளுக்குப் பாலிஷ் போட்டுப் பழகியவர். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு மீன்பாடி வண்டியில் உளிப்பெட்டியை வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டை, காசிமேடு என்று வீடுவீடாகப் போனார். அவர் வாயால் எதையும் விளக்கமாட்டார். கவிழ்த்துக் காட்டுவார்.

*

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். 2015-லும் பார்த்த வெள்ளம்தான் என்றாலும், இந்த முறை சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. நீர் வடிந்ததும் தெருவெல்லாம் சாமான். அப்போது எனக்கு ஒன்று துல்லியமாகத் தெரிந்தது. வெளியே கிடந்தவற்றில் பெரும்பாலானவை நாலைந்து வருஷத்துக்குள் வாங்கியவை.

காரணம் எளிது. அவை பார்ட்டிகிள் போர்டில் செய்தவை. மரத்தூளையும் சீவலையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்தினால் பார்ட்டிகிள் போர்டு. மேலே மரக்கோடு அச்சிட்ட தாள். தண்ணீரில் நின்றால் ஊதும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. விரலால் அழுத்தினால் ரவை மாதிரி உதிரும். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

அதே வெள்ளத்தில் நின்ற ஒரு தேக்கு அலமாரி என்னிடம் வந்தது. முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. எண்ணெய் ஊறிய மரத்தில் பாலிஷ் ஏறாது. தின்னர் தொட்டுத் துடைத்து, மரத்தூளைப் பரப்பி ஊறவைத்து, கூட்டித் தள்ளி, மறுபடி துடைத்து, நிழலிலேயே காயவிட்டேன். வெயிலில் வைத்தால் பலகை வளையும். கதவு மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. ஓரத்தை இழைத்ததும் மூடிக்கொண்டது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு, தண்ணீரையும் கரையானையும் அது தாங்கும்.

ஸ்டீல் பீரோக்களும் பிழைத்தன. வெள்ளத்தில் நின்றவற்றுக்குக் கால்மாட்டில்தான் துரு. எமரித் தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே டூகோ ஸ்பிரே. உள்ளே லாக்கரில் நனைந்து ஒட்டிய கல்யாணப் பத்திரிகை இருந்தால் பிரிக்காமல் எடுத்துத் தனியே வைப்பேன். கேட்டு வருகிறவர்கள் உண்டு.

*

கட்டில் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மனசுக்குள் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். சிலர் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். திருவொற்றியூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் நேரடியாகவே கேட்டார்.

“தம்பி, மறைக்காம சொல்லு. இதுல யாராவது படுத்துப் போயிட்டாங்களா?”

“பெரியவர் ஒருத்தர் போனாரும்மா. எம்பது தாண்டினவரு. பசங்க எல்லாம் கூட இருந்தாங்க.”

அவர் கட்டிலின் சட்டத்தைத் தடவியபடி கொஞ்ச நேரம் நின்றார். “நெறஞ்ச சாவுதான். எடுத்து வை” என்றார்.

எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை. கேட்டதும் திரும்பிப் போனவர்களும் உண்டு. போகட்டும். நான் சொல்லாமல் விற்க மாட்டேன். ஒருவர் இரவு நிம்மதியாகத் தூங்குவதற்காக வாங்கும் பொருளில் பொய் இருக்கக் கூடாது.

நம் வீடுகளில் சாவு விழுந்தால் பாய், தலையணை, மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். நோய் தொற்றும் காலத்தில் அது அறிவுள்ள பழக்கம். மெத்தைக்கு இன்றும் சரி. ஆனால் மரத்துக்கும் அதே தண்டனை கொடுத்துவிடுகிறோம். தொட்டிலுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை. நாலு பிள்ளை வளர்ந்த தொட்டில் என்றால் தேடிவந்து இரவல் வாங்குகிறார்கள். என் கடைக்கு ஒரு தொட்டில்கூட விற்பனைக்கு வந்ததில்லை, சரிசெய்யத்தான் வரும். பிறப்பு ஒட்டிக்கொள்ளும், நல்லது என்கிறோம். முடிவு ஒட்டிக்கொள்ளும், ஆகாது என்கிறோம். நிறைவாக வாழ்ந்த ஒருவர் கடைசியில் சாய்ந்த கட்டிலிலும் நல்லது ஒட்டியிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

*

பிரம்பு நாற்காலி பின்னும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

சீவிய பிரம்பு நாரை முதலில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். குறைந்தால் ஒடியும், அதிகமானால் நிறம் கறுக்கும். சட்டத்தைச் சுற்றித் துளைகள். முதல் நடை, பின்னிருந்து முன்னாக நேர்க்கோடுகள். இரண்டாவது, அதன் மேல் குறுக்காக. மூன்றாவது, முதல் கோட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி நேராக. இதுவரை பின்னல் என்று எதுவுமில்லை. நார் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், அவ்வளவுதான். நாலாவது நடையில்தான் மேலும் கீழுமாகக் கோக்க வேண்டும். அப்போதுதான் சதுரங்கள் பிடிப்பாகும். ஐந்தும் ஆறும் மூலைவாட்டு. ஆறாவது முடியும்போது சதுரம் எல்லாம் எட்டு மூலையாகிவிடும். நார் காயக் காய இழுத்துப் பிடிக்கும். மறுநாள் தட்டினால் டங்கென்று கேட்கும். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் எங்கேயோ தளர்ச்சி.

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் பலர் இதைத் தொழிலாகக் கற்றார்கள். அரசு அலுவலகங்களில் நாற்காலி பின்னும் வேலையில் இருந்தார்கள். சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு அந்த வேலை தேய்ந்தது. அவர்கள் பின்னிய நாற்காலி என்னிடம் வரும்போது பழைய நாரை உடனே வெட்டிப் போட மாட்டேன். அடியில் முடிச்சுகளைத் தடவிப் பார்ப்பேன். ஒரே அளவில், ஒரே பக்கம் திரும்பி, வரிசையாக இருக்கும். கண்ணால் பார்த்துப் போடும் என் முடிச்சு இன்னும் அந்த ஒழுங்குக்கு வரவில்லை.

*

எங்கள் பக்கம் மரம் வரும் இன்னொரு வழி துறைமுகம். மாதவரம், மணலி சாலைகளில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரி. கிடங்குகளில் சரக்கை இறக்கியதும், அதைத் தாங்கி வந்த பைன் பலகை பாலெட்டுகள் மலையாகக் குவியும். அடுப்புக்கு எடை போட்டு விற்றுவிடுவார்கள். பெஞ்சு, செருப்பு ஸ்டாண்டு, ஒற்றைக் கட்டில் செய்ய அருமையான மரம்.

ஆனால் முத்திரையைப் பார்க்காமல் தொடக் கூடாது. நாடுவிட்டு நாடு போகும் பெட்டி மரத்தில் பூச்சி போய்விடக் கூடாது என்று 2002-ல் உலக அளவில் விதி வகுத்தார்கள். கதிர் படம் போட்ட முத்திரை, பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, அப்புறம் பதனம் செய்த முறை. எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தது. எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதில் வீட்டுச் சாமான் செய்யவே கூடாது. அடுப்பிலும் போடக் கூடாது. முத்திரை தெரியவில்லையா, விட்டுவிடுங்கள். இந்த வேலையில் புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பின்லாந்தோ ரஷ்யாவோ, எங்கோ பனியில் வளர்ந்த மரம் மணலிக் கிடங்குப் பையன்கள் உட்கார்ந்து சாப்பிடும் பெஞ்சாகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என்னிடம் கட்டில் வாங்குகிறார்கள். புதுவிலையில் மூன்றில் ஒரு பங்கு. ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அதே கட்டில் அடுத்து வருகிறவருக்கு.

*

1959-ல் ஃபெவிகால் வருவதற்கு முன்பு தச்சர்கள் வச்சிரம் காய்ச்சினார்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கும் பசை. நாற்றம் தாங்காது. ஆனால் சூடு காட்டினால் இளகும். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் அந்த மூட்டைப் பிரித்து உள்ளே பார்த்துச் சரிசெய்யலாம். ஃபெவிகால் அப்படி விடாது, பிரித்தால் மரமே பிளக்கும். பாலிஷும் இப்படித்தான். அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொட்டலத்தால் ஏற்றிய பளபளப்பு தேய்ந்தால், அந்த இடத்தில் மட்டும் மறுபடி ஏற்றலாம். பாலியூரித்தேன் (பி.யு.) பூச்சு உரிந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும்.

நான் வச்சிரம் காய்ச்சுவதில்லை, ஃபெவிகால்தான். ஆனாலும் கட்டிலின் கால் மூட்டில் பசை வைக்காமல் ஆப்பு மட்டும் அடிப்பேன். எனக்குப் பிறகும் ஒருவர் இதைக் கழற்றுவார் என்ற எண்ணம் கையில் இருந்தால் வேலையின் தரம் மாறுகிறது. இது என் அனுபவம்.

*

போகியன்று காலையில் சென்னைக்கு மேல் நிற்கும் புகையை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2018-ல் பனியோடு அது சேர்ந்து விமானங்களே தாமதமாயின. டயர் எரிக்காதீர்கள், துணி எரிக்காதீர்கள் என்று அதன்பின் மாநகராட்சி திரும்பத் திரும்பச் சொன்னது. வருஷத்தில் ஒருநாள் தெருவில் எரிப்பது தவறு என்று கற்றுக்கொண்ட ஊர் இது. அந்த ஊரின் சாமான் இப்போது வாராவாரம் ஓர் உலையில் எரிகிறது. உலைக்குப் புகைபோக்கி இருக்கிறது, வடிகட்டி இருக்கும். இருந்தாலும் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த பகுதியில், ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கும் மக்களுக்கு நடுவில், இன்னொரு நெருப்பு.

ஊறிப்போன மெத்தையும் நுரை சோபாவும் ஊதிய பார்ட்டிகிள் போர்டும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். என்னாலும் முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தம் அவற்றோடு சேர்ந்து போகும் தேக்குக் காலுக்கும் வேங்கைச் சட்டத்துக்கும்தான்.

சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா என்ற ஊரில் 2015-ல் நகராட்சி நிறுவனமே ஒரு வணிக வளாகம் திறந்தது. குப்பை சேகரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. மக்கள் கொண்டுவந்து போடுவதைப் பிரித்து, சரிசெய்து, அங்கேயே விற்கிறார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டாம். நம் நாட்டிலேயே 2023 மே மாதம், பழைய சாமான்களைக் கொடுக்கவும் எடுக்கவும் நகரங்கள்தோறும் மையங்கள் திறக்கச் சொன்னார்கள். யோசனை புதிதல்ல. சனிக்கிழமை வண்டி உலைக்குள் நுழையுமுன் ஒரு கொட்டகையில் நிற்கட்டும். அங்கே இரண்டு தச்சர்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கட்டும். மரத்தை ஒரு பக்கம், இரும்பை ஒரு பக்கம் பிரிக்கட்டும். வடசென்னையில் அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேலை இல்லாமல்.

அதுவரை, இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1913-ஐ அழைப்பதற்கு முன்னால் அந்த மேசையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மரம் தெரிந்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் தச்சருக்கோ காயலான் கடைக்காரருக்கோ முதலில் ஒரு போன் போடுங்கள்.