கண்ணால் கேட்கும் காதுகள்

ஒரு கேள்வி. தெருவோரம் வாசிக்கிற ஒருவருக்குக் காசு போட்டால் நம்ம கடமை முடிஞ்சுடுமா? முடிஞ்சுடும்னுதான் நானும் நினைச்சிருந்தேன்.

போன செமஸ்டர் தேர்வு நேரம். மின்னியல் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு, கைப்பேசியில் தானாக ஓடிய ஓர் இசை என்னைப் பிடித்து நிறுத்தியது. பெயர் 'பேர்ட்ஸ் லமென்ட்'. ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் நினைவாக எழுதப்பட்டது. சுமார் இரண்டு நிமிடம்தான். கீழே ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வர, மேலே சாக்ஸஃபோன் அழுகிறது. கோட் சூட் போட்ட யாரோ பெரிய மேதை என்று நினைத்து, படத்தைத் தேடினேன். நீளத் தாடி, கொம்பு வைத்த தலைக்கவசம், போர்வை மாதிரி அங்கி, கையில் ஈட்டி! சிரிச்சுட்டேன். அடுத்த நிமிஷமே வெட்கமா இருந்தது. படத்தை முதலில் பார்த்திருந்தால் அந்த இசையைக் கேட்டிருப்பேனா?

அவர் பெயர் லூயிஸ் ஹார்டின். 'மூன்டாக்' என்பது தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். 1916இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 16 வயதில் ஒரு வெடிப்பொருள் வெடித்துப் பார்வை போனது. 1943இல் நியூயார்க் வந்தார். ஆறாவது அவென்யூ தெருமுனையில் வருஷக்கணக்கில் நின்று தன் கவிதைகளை விற்றார். தானே உருவாக்கிய 'டிரிம்பா' என்ற முக்கோண மேளத்தை வாசித்தார். இசையை பிரெய்லில் எழுதினார்.

ஆள் விசித்திரம், எழுத்தோ படு கறார். ஒரு குரல் பாடத் தொடங்கிய மெட்டை, அடுத்த குரல் சில தட்டுகள் தள்ளித் தொடங்கும். பிறகு இன்னொன்று. எதுவும் எதனோடும் மோதாது. ஐந்து தட்டு, ஏழு தட்டு என்று தாளம் நெளியும். ஒரு பல் பிசகினாலும் நின்றுவிடும் பற்சக்கரங்களைப் போல அத்தனை துல்லியம்.

ஆலன் ஃப்ரீட் என்ற பிரபல வானொலி அறிவிப்பாளர் 'மூன்டாக்' பெயரைத் தன் நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தினார். இவர் வழக்குப் போட்டார், 1954இல் ஜெயித்தார். 1969இல் கொலம்பியா நிறுவனம் அவர் இசையைத் தட்டாக வெளியிட்டது. அப்படியும் அந்தத் தெருமுனையைக் கடந்து போன பலருக்கு அவர் ஓர் இசையமைப்பாளர் என்பதே தெரியாது.

"வேஷம் போட்டது அவர்தானே? மத்தவங்க மேல என்ன தப்பு?" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பார்க்க நின்றவர்கள், கேட்கவும் நின்றிருக்கலாமே? கேலி செய்பவன் மட்டுமல்ல, "ஐயோ பாவம்" என்பவனும் கேட்பதில்லை. இரண்டு பேருக்குமே அவர் யாரென்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது!

1974இல் ஜெர்மனி போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே ஓர் இளம் மாணவி அவரைத் தன் குடும்பத்தோடு தங்க வைத்தார். அதோடு நிற்கவில்லை. அவருடைய பிரெய்ல் குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு, மற்ற கலைஞர்கள் வாசிக்கும்படி எழுதிக் கொடுத்தார். 1999இல் இறக்கும்வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மாணவிக்கு நம்ம வயசுதான் இருக்கும். இரக்கம் சோறு போடும். மரியாதை ஒருவருடைய மொழியைக் கற்றுக்கொள்ளும்.

இப்போ என் கதை. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் ஏறப் போகும் வழியில், பார்வையற்ற ஓர் அண்ணன் கீபோர்டு வாசிப்பார். மூன்று வருஷமாக அவர் டப்பாவில் ஒரு வெள்ளி போட்டு வருகிறேன், காதில் இயர்ஃபோனோடு! அவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சென்ற வாரம் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு நின்றேன். ஒரு பாட்டு முழுசா. "நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பிக் கேட்டார்:

"என்ன தம்பி, டிரெயினை விட்டுட்டீங்களா?"