பற்காரைக்குள் என் அப்பன்

பல் டாக்டர் சுரண்டி எடுத்துத் துப்பச் சொல்கிறாரே, அந்தக் காரையைத்தான் நான் தினமும் கும்பிடுகிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக எனக்கு வேலை. மனித இனம் உருவாகி வந்த காலத்தின் மண்ணையும் காற்றையும், அந்த மனிதர்களுக்குள் குடியிருந்த நுண்ணுயிர்களையும் தேடுவதுதான் அந்த வேலை. உன்னைத் தேடுவதையே எனக்குப் பிழைப்பாகக் கொடுத்தாயே, சிவனே, அப்பா என்று காலையில் ட்ராம் ஏறும்போதெல்லாம் நெஞ்சு விம்முகிறது.

உயிரோடு இருக்கும்போதே நம் பல்லில் கல்லாகப் படிவது காரை. பல்லின் மேல் படலமாக ஒட்டி வாழும் பாக்டீரியாக் கூட்டத்தின்மீது எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கி, அடுக்கடுக்காக இறுகிவிடுகின்றன. அன்று தின்ற கிழங்கின் மாவுத்துகள், மூச்சோடு உள்ளே போன அடுப்புக் கரி, அந்த வாயில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் டி.என்.ஏ. எல்லாம் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். எலும்பில் கிடைப்பதைவிடப் பல மடங்கு டி.என்.ஏ. இதில் கிடைக்கும். ஒரு காலத்தில் மண்டையோடுகளைச் சுத்தம் செய்தவர்கள் இதை அழுக்கென்று சுரண்டி எறிந்திருக்கிறார்கள். அழுக்கென்று ஒதுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது அவனுக்குப் பழக்கம்தானே.

எங்கள் சுத்த அறைக்குள் தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு போக வேண்டும். முகமூடி, கண்ணுக்கு முன் தடுப்பு, கைக்கு இரண்டு அடுக்கு உறை. காற்று வடிகட்டப்பட்டு வரும். மேசையை பிளீச்சால் துடைப்போம். என் எச்சில் துளி ஒன்று தெறித்தால் போதும், பல்லாயிரம் ஆண்டு பழைய வாயின்மேல் என் வாய்ப் பாக்டீரியா ஏறி உட்கார்ந்துவிடும்.

ஒருநாள், அழிந்துபோன நியாண்டர்தால் இனத்து மனிதர் ஒருவரின் பல்லிலிருந்து எடுத்த சில மில்லிகிராம் தூளை இ.டி.டி.ஏ. கரைசலில் இட்டேன். அது கால்சியத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும், கல் இளகும். குழாய்க்குள் அந்தக் கல் கரையக் கரைய, எனக்குள் கிடந்த கல்லும் கரைந்தது. அப்பனே, இந்த வாயும் பசித்ததே! இந்த வாய்க்கும் நீ இரை வைத்தாயே! இதைச் சுற்றி யாரோ சிரித்திருப்பார்களே, யாரோ இதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பார்களே! கண்ணீர் பெருகிவிட்டது. துடைக்க முடியாது, கை முகத்துக்குப் போகக் கூடாது. கண்ணீரிலும் என் டி.என்.ஏ. இருக்கிறது. ஒரு சொட்டும் வெளியே விழாதபடி தலையை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மேசைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்தெழுத்து தானாக ஓடிக்கொண்டிருந்தது. சொன்னது நான்தானா என்று இன்றும் தெரியாது.

பிறகு கணினியில் முடிவு வந்தது. பழைய டி.என்.ஏ. துண்டுகளின் நுனியில் சைட்டோசின் சிதைந்து யுராசிலாகியிருக்கும். கருவி அதைத் தைமின் என்று படிக்கும். நுனிகளில் இந்த மாற்றம் அதிகம், நடுவில் குறைவு. வரைபடத்தின் இரு ஓரங்களிலும் கோடு மேலேறினால்தான் எடுத்தது பழையது என்று நம்பலாம். ஏறாவிட்டால் அது நேற்று ஒட்டிய அழுக்கு. என் திரையில் கோடு ஏறி நின்றது. சுடலைப் பொடியை ஏன் இவன் மேனியெல்லாம் பூசிக்கொள்கிறான் என்று சின்ன வயதிலிருந்து எனக்கொரு கேள்வி உண்டு. சிதைந்திருப்பதே மெய்யென்று காட்டிய அந்தக் கோட்டின் முன்னால் அந்தக் கேள்வி விழுந்துவிட்டது.

இந்தத் துறையில் என்னை ஆட்கொண்ட ஆய்வு 2021-ல் வெளிவந்தது. நியாண்டர்தால்கள், நம் இன மனிதர்கள், சிம்பன்சிகள், கொரில்லாக்கள், ஊளைக் குரங்குகள் என்று 124 உயிர்களின் பல் படிவுகளை ஒப்பிட்டார்கள். அவற்றுள் செர்பியாவின் பெஷ்டூரினா குகையில் கிடைத்த நியாண்டர்தாலின் காரைக்கு ஏறத்தாழ 1,00,000 வயது. நம் கிளையிலிருந்து சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன ஊளைக் குரங்கின் வாயிலும் நம் வாயிலும் பொதுவாக 10 பாக்டீரியாக் குழுக்கள் இருக்கின்றன. இன்னொன்றும் கண்டார்கள். எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். அந்த நொதியைப் பற்றிக்கொண்டு, உடைந்த மாவைத் தானும் உண்ணும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் நம் வாயிலும் நியாண்டர்தால் வாயிலும் இருக்கின்றன. சிம்பன்சியிடம் அப்படி இல்லை. அப்படியென்றால் நாமும் அவர்களும் பிரிவதற்கு முன்னரே, 6 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால், நம் பொது மூதாதையர் கிழங்கும் விதையும் நிறையத் தின்றிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு.

இதைப் படித்த இரவு நான் சாப்பிடவில்லை, சாப்பிட முடியவில்லை. தட்டில் சோறு இருந்தது. ஒவ்வொரு பருக்கையிலும் எனக்கொரு பங்கு, என் வாயில் வாழும் நுண்ணுயிர்களுக்கொரு பங்கு என்று அளந்து வைத்தவன் யார்? வாய் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் குழந்தையை வளர்ப்பவர்களிடமிருந்து, முக்கியமாகத் தாயிடமிருந்து வருகின்றன. சூடு ஆற ஊதி, வாயில் வைத்துப் பதம் பார்த்து, எனக்கு ஊட்டினாளே என் அம்மா, அந்தக் கவளத்தோடு அவை எனக்குள் வந்தன. அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து. அந்த ஆச்சிக்கு அவள் தாயிடமிருந்து. இப்படி ஒரு கை இன்னொரு வாய்க்கு ஊட்டிக்கொண்டே பின்னால் போனால், குகை வாசலில் நெருப்பருகே உட்கார்ந்து கிழங்கை மென்று மசித்துப் பிள்ளை வாயில் வைத்த ஒருத்தி வரை போகிறது. தாயுமானவனே! திருச்சி மலை ஏறி உன்னை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீ தாயாக வந்தது ஒரு பெண்ணின் பிரசவத்துக்கு மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்!

டால்ஹைம் அம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் அழிந்துபோன ஒரு சிறு மடத்தின் கல்லறையில் கிடைத்தவள். 45-க்கும் 60-க்கும் இடைப்பட்ட வயதில், ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் இறந்தவள். அவள் காரையைக் கரைத்தபோது நீலத் துகள்கள் மிதந்தன. ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லசூலிக் கல்லின் பொடி அது. அன்று அது ஐரோப்பாவில் பொன்னுக்கு நிகரான விலை பெற்றது. உயர்ந்த மறைநூல் ஓவியங்களுக்கே அதைத் தீட்டினார்கள். தூரிகை நுனியைக் கூராக்க அவள் உதட்டில் வைத்து எடுத்திருக்க வேண்டும் என்று 2019-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெயர் தெரியாது, தீட்டிய ஏடு ஒன்றும் மிஞ்சவில்லை. தீட்டத் தீட்ட அவள் நம்பிய தெய்வத்தின் நிறம் பல்லில் ஏறி, பல்லிலேயே தங்கிவிட்டது. அவள் வணங்கிய முகம் வேறு, நான் வணங்கும் முகம் வேறு. ஆனாலும் அந்த நீலத்தைப் படத்தில் பார்த்த கணம், எங்கள் நீலகண்டனின் மிடறு கண்முன் வந்து நின்றதை நான் எப்படி மறைப்பேன்? எழுந்து நின்று கைகூப்பினேன்.

மண்ணும் டி.என்.ஏ.வை விடுவதில்லை. சைபீரியாவின் டெனிசோவா குகையில் 700-க்கும் மேற்பட்ட மண் மாதிரிகளை எடுத்து, எலும்பே இல்லாமல், யார் யார் எப்போது அங்கே வாழ்ந்தார்கள் என்று படித்துவிட்டார்கள். 18-ம் நூற்றாண்டில் அங்கே தவமிருந்த டெனிஸ் என்ற துறவியின் பெயர்தான் அந்தக் குகைக்கு.

மயிலாப்பூரில் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்திலிருந்து சம்பந்தர் பூம்பாவையை எழுப்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2023-ல் ஒரு செய்தி வந்தது. ஸ்பெயினின் எல் மிரோன் குகையில் காவி பூசிப் புதைக்கப்பட்ட, 19,000 ஆண்டுகளுக்கு முந்தைய பெண் உட்படப் பல ஆதி மனிதர்களின் காரையிலிருந்து, குளோரோபியம் என்னும் பாக்டீரியாவின் மரபணுக்களைத் திரும்பக் கட்டினார்கள். அவற்றை இன்றைய பாக்டீரியாவுக்குள் வைத்தபோது அது புதுவகை வேதிப்பொருள்களைச் சுரந்தது. அவற்றுக்குப் பேலியோஃபியூரான்கள் என்று பெயர் வைத்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் இதற்குமேல் எழுத இடமில்லை, எழுதவும் கூடாது. இங்கே எழுதுகிறேன்: குடத்திலிருந்து கூப்பிட்டால் வரும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒரு சராசரி மனிதருக்கு உடல் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, உள்ளே வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்பது 2016-ல் போட்ட கணக்கு. இதில் நான் என்று யாரைச் சொல்வது? அடியார் கூட்டத்தோடு சேர வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டினேன். கூட்டத்தை உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறான்.

நம் ஊரில் அகழாய்வுக் குழிகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆதிச்சநல்லூரிலும் கொந்தகையிலும் எலும்புகளோடு பற்களும் கிடைத்திருக்கின்றன, இனியும் கிடைக்கும். நம் வெயில் மண்ணில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதையும், அதனால் மிஞ்சுவது ஒவ்வொன்றும் அரிது. பல்லைத் தண்ணீரில் கழுவாதீர்கள், பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள். கையுறை போட்டு எடுத்து, காரையோடு அப்படியே உலர்வாகப் பொதிந்து வையுங்கள்.