கண்ணுக்கும் ஒரு ஹக்கு உண்டு



சுப்ஹு ஜமாஅத்தில் ஒரு ஸஃப்பு கூட நிறையவில்லையே என்று நாம் வருந்துகிறோம். தட்டித் தட்டி எழுப்பியும் பிள்ளைகள் எழவில்லை என்று தாய்மார்கள் முறையிடுகிறார்கள். பழியை எல்லாம் அதிகாலைத் தூக்கத்தின் மீது போடுகிறோம். சுப்ஹைத் தவற விட்டது காலை 5 மணிக்கா? முந்தின இரவு 11 மணிக்கே அதைத் தவற விட்டு விட்டோம் அல்லவா?

தூக்கம் என்பது சோம்பேறிகளின் காரியம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அல்லாஹுதஆலாவோ, தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அதைச் சூரத்துர் ரூமில் எண்ணிக் காட்டுகிறான். இரவை ஆடையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் ஆக்கியதாகச் சூரத்துந் நபஃவில் சொல்லிக் காட்டுகிறான். நிஃமத் என்று அவன் கொடுத்ததை வீணடித்தால், அதற்கும் கேள்வி உண்டு.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் இளம் ஸஹாபி. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்தார்கள். தகப்பனார் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நல்ல குடும்பத்துப் பெண்ணை மணமுடித்து வைத்து, சில நாள் கழித்து மருமகளிடம் மகனைப் பற்றி விசாரித்தார்கள். நல்ல மனிதர்தாம், ஆனால் எங்கள் படுக்கையை மிதித்ததே இல்லை என்று அந்தப் பெண்மணி நாசூக்காகச் சொன்னார். செய்தி நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றது. அவர்கள் அந்த இளைஞரை அழைத்து, உம் உடலுக்கு உம்மீது ஹக்கு உண்டு, உம் கண்ணுக்கு ஹக்கு உண்டு, உம் மனைவிக்கும் ஹக்கு உண்டு என்ற கருத்தில் அறிவுரை கூறி, தொழவும் தூங்கவும் சொன்னார்கள். அவரோ எனக்குச் சக்தி இருக்கிறது என்று வாதாடிக் கூடுதல் அமலைக் கேட்டு வாங்கிக் கொண்டார்கள். முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்று பெருமானார் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். வணக்கத்திற்காகக் கண் விழித்தவருக்கே இந்த நிலை. வெட்டிப் பேச்சுக்காகவும் கைப்பேசிக்காகவும் கண் விழிக்கும் நாம் எந்த முகத்தோடு சக்தி இருக்கிறது என்போம்?

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக் கொண்டிருப்பதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். இரவின் முற்பகுதியில் உறங்கி, பிற்பகுதியில் எழுந்து தொழுவதே அவர்களின் வழக்கம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தஹஜ்ஜுதுக்கே தூக்கம்தான் வாசல் என்பது இதிலிருந்து விளங்கும்.

மருத்துவர்கள் சொல்வதும் இதற்கு மாறானதல்ல. நம் உடலுக்குள் ஓடும் நாள் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருட்டியதும் மூளையிலுள்ள சிறு சுரப்பி ஒன்று 'மெலடோனின்' என்ற பொருளைச் சுரந்து உடலை உறக்கத்திற்குத் தயார் செய்கிறது. கண்ணில் வெளிச்சம் விழ விழ அந்தச் சுரப்பு தள்ளிப் போகிறது. இஷா தொழுதுவிட்டுக் குடிக்கும் தேநீரும் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறையப் பாதி, 5 மணி நேரம் கழிந்தும் உடலிலேயே தங்கியிருக்கும். வளர்ந்தவர்களுக்கு 7 மணி நேரத்திற்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறார்கள். தொடர்ந்து குறைந்தால் இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் வர வாய்ப்பு கூடுகிறது. இரவு 9.30-க்குப் படுத்தால் சுப்ஹுக்குள் அந்த 7 மணி நேரம் நிறைந்து விடும். மிச்சக் குறைக்குப் பகலில் கைலூலா என்னும் சிறு தூக்கம் இருக்கிறது. ஸஹாபாக்கள் ஜும்ஆ தொழுத பிறகு அதைக் கடைப்பிடித்தார்கள். 20 நிமிடம் போதும். அஸர் வரை நீட்டினால் இரவுத் தூக்கம் கெடும். பெருங்குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருபவர்களும், வாரக்கணக்கில் உறக்கம் வராதவர்களும் மருத்துவரிடம் போக வேண்டும். கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

இரவுப் பணி செய்வோரையும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாரையும் நாம் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பகலில் உறங்க வழி செய்து கொடுப்பது வீட்டாரின் கடமை.

இங்கே ஆண்களிடம் ஒன்று கேட்கிறோம். இஷா முடிந்து தெருமுனையில் நின்று ஊர்க்கதை பேசி 11 மணிக்கு வீடு திரும்புகிறோம். சோற்றை மூடி வைத்துக் கொண்டு ஒரு பெண் காத்திருக்கிறாள். நாம் சாப்பிட்டுப் படுத்த பின் பாத்திரம் கழுவுகிறாள். நோன்பு காலத்தில் எல்லோருக்கும் முன்னே ஸஹருக்கு எழுவதும் அவள்தான். கண்ணின் ஹக்கு என்று பெருமானார் சொன்னதில் அவள் கண் சேராதா? வீட்டிலிருக்கும்போது குடும்ப வேலைகளில் ஒத்தாசை செய்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நாம் ஒரு தட்டைக் கழுவி வைத்தால் கௌரவம் குறைந்து விடாது!

படுக்கைக்கு முன் ஒளுச் செய்வதும், விரிப்பை உதறுவதும், விளக்கை அணைப்பதும், வலப்புறம் சாய்ந்து படுப்பதும் ஸுன்னத்துகள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்து விட்டால் இவையெல்லாம் தாமே எளிதாகும்.

திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப் போன பாத்திமா (ரலி) அவர்கள், தந்தையாரிடம் ஒரு பணியாள் கேட்டுப் போனார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இரவில் மகளின் வீட்டுக்கு வந்தார்கள். மகளும் மருமகனும் படுத்து விட்டிருந்தார்கள். எழ முயன்றவர்களை அப்படியே இருக்கச் சொல்லி, இருவருக்கும் நடுவே அமர்ந்து, பணியாளை விடச் சிறந்ததைத் தருகிறேன் என்று, படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என ஓதக் கற்றுக் கொடுத்தார்கள். அன்று முதல் அலி (ரலி) அவர்கள் அதை விட்டதே இல்லை. ஸிஃப்பீன் யுத்தத்தின் இரவிலுமா என்று ஒருவர் கேட்டார். ஸிஃப்பீன் இரவிலும் விடவில்லை என்றார்கள்.