திறந்த பெட்டியின் தர்மம்

சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே செல்லும் பெருஞ்சாலையின்மேல் அமைந்து, ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் பொறியியல் பயிலும் மாணவர் பலர் வந்து தங்கும் இடமாகவும் விளங்கினும், இன்றளவும் ரயில் நிலையம் ஒன்று இல்லாத ஊர் பெரம்பலூர். அரியலூருக்கோ ரயில் உண்டு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் உண்டு. ஆயினும் இவ்விரண்டு மாவட்டங்களிலும் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கோத்து அமைக்க விரும்பும் இளைஞன், தான் நினைத்த ரகத்தில் ஒரு மதர்போர்டோ கிராபிக்ஸ் கார்டோ வேண்டுமென்றால், திருச்சிக்குப் பஸ் ஏறவேண்டும். அல்லது சென்னை ரிச்சி தெரு வரையில் போய்வரவேண்டும். ஆகவே அவன் ஆன்லைனில் வாங்குகிறான். அங்கும் புதுச்சரக்கின் விலை கைக்கு எட்டாதபோது, ஒருவர் வாங்கித் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்பிய பொருளைச் சற்றுக் குறைந்த விலைக்குத் தருகிற ‘ஓப்பன் பாக்ஸ்’ வரிசைக்கு வந்து நிற்கிறான். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விற்ற பணத்தில் மகனுக்கென்று ஒதுக்கிய தொகை அதற்குத்தான் போதும்.

இத்தகைய லௌகிக விவகாரத்தில் தர்ம விசாரத்துக்கு இடம் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். வியாபாரத்தில் அன்றி வேறெங்கே தர்மம் பரீட்சைக்கு வருகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். கோயிலில் நின்று கைகூப்பும் வேளையில் பொய் சொல்லவேண்டிய அவசியம் ஒருவருக்கும் நேர்வதில்லை. ஒரு பொருளைக் கைமாற்றும் வேளையில்தான் அந்த அவசியம் வந்து வாசலில் நிற்கிறது.

முதலில் சரக்கின் தன்மையைப் பார்ப்போம். திறந்த பெட்டி என்ற ஒரே சீட்டின்கீழ் பல்வேறு சரித்திரமுடைய பொருள்கள் ஒதுங்கியிருக்கின்றன. ஒருவர் மனம் மாறிப் பெட்டியைப் பிரித்த மாத்திரத்திலேயே திருப்பியிருப்பார், அது புதுப்பொருளேயாம். இன்னொருவர் தம்மிடமிருந்த பிராசஸருக்குப் பொருந்தாத மதர்போர்டை அறியாமல் வாங்கி, ஒருமுறை பூட்டிக் கழற்றி அனுப்பியிருப்பார். மூன்றாமவர் பல மாதம் இரவுபகலாக ஓடிக் களைத்த கிராபிக்ஸ் கார்டைப் புதுக் கார்டு வந்த பெட்டியில் வைத்து, புதியதைத் தாம் எடுத்துக்கொண்டு, பழையதைத் திருப்பியிருப்பார். இம்மூவருடைய செய்கைக்கும் பெயர் ‘ரிட்டர்ன்’ என்பதே. இம்மூன்று பெட்டிகளும் ஒரே கிடங்கில் அருகருகே அடுக்கப்படுகின்றன. (வீட்டு வாசலிலேயே டெலிவரி செய்பவர் பெட்டியைப் பிரித்துக் காட்டி, நாம் பார்த்துச் சம்மதித்தபின் ஓ.டி.பி. பெற்றுச் செல்லும் முறைக்கும் இந்நாட்டில் ஓப்பன் பாக்ஸ் டெலிவரி என்றே பெயர். அது வேறு, நல்ல ஏற்பாடு.)

பிறர் கை பட்டதனாலேயே ஒரு பொருளுக்குத் தோஷம் உண்டாகிறதா? இக்கேள்வி நம்மவர் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றியது. கோடி வேட்டிக்கு மஞ்சள் தடவி உடுத்துகிற நமக்கு, புதுமை என்பது ஒருவகைத் தூய்மையாகவே தோன்றுகிறது; ஒருவர் சூடிய பூவை மற்றொருவருக்குக் கொடுக்கக் கூசுகிறோம். ஆனால் அதே சமயம், ஒதுக்கப்பட்டதை உயர்த்திக் கொண்டாடும் மரபும் நம்மிடம் உண்டு. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், கலியபெருமாள் என்று குடியானவர்கள் உரிமையோடு அழைக்கும் கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில், மூலவராக வணங்கப்படுவது ஒரு கல்தூண். வேறொரு கோயில் திருப்பணிக்காக வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் வழியில் கைவிடப்பட்டுக் காட்டில் கிடந்த கம்பம் அது என்று தலவரலாறு கூறுகிறது. சேரவேண்டிய இடம் சேராமல் வழியிலே தங்கிப்போன அக்கல்லின் முன்னால்தான் விளைச்சலின் முதற்பங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

ஆண்டாளின் கதை இதனினும் நுட்பமானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பெருமாளுக்கென்று தொடுத்து வைத்த மாலையை மகள் அவர் அறியாமல் தான் சூடிப் பார்த்து, பிறகு கூடையில் வைத்துவந்தாள். ஒருநாள் தந்தை கண்டார், மனம் நொந்தார், அன்றைய மாலையைச் சாத்தாமல் நிறுத்தினார். பெருமாள் கனவில் வந்து, அவள் சூடிக் களைந்ததே தமக்கு வேண்டுமென்றார். இன்றும் அவள் சூடிக் களைந்த மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும் அழகர்கோயில் சித்திரைத் திருவிழாவுக்கும் செல்கிறது. இக்கதையைப் பக்தியின் மேன்மைக்கே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம், அது சரியே. ஆனால் எனக்கு அதில் பெரியாழ்வாரின் செய்கையும் பெரிதாகப் படுகிறது. மாலை ஒருவர் சூடியது என்று தெரிந்த கணத்தில், தெரியாததுபோல் அதைக் கொண்டுபோய்ச் சமர்ப்பிக்க அவருக்கு மனம் வரவில்லை. பெற்றுக்கொள்பவர் சம்மதிப்பது அடுத்த விஷயம். அந்தச் சம்மதத்தைக் கேட்காமலே அவர் தலையில் ஏற்றிவிடக்கூடாது என்பதே அந்தத் தந்தையின் நெறி. பெருமாளோ, அவள் சூடிய மாலை என்று அறிந்தே விரும்பி ஏற்றார்.

ஆகவே திறந்ததில் தோஷமில்லை. மறைத்ததிலேதான் தோஷம் என்பது என் துணிபு. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு வருகிற காரியங்கள் எளிதாகத் தோன்றும்; ஆனால் அவை எளிதல்ல. ஏனெனில் கம்ப்யூட்டர் சாமான்களின் குற்றங்கள் கண்ணுக்குப் புலப்படாதவை. சாதாரண மேசைக் கணினிகளுக்கான பிராசஸரின் அடியில் முன்பு நீட்டிக்கொண்டிருந்த பின்களை இன்டெல் நிறுவனம் 2004-ஆம் ஆண்டு முதல் மதர்போர்டின் சாக்கெட்டுக்கு மாற்றியது, ஏ.எம்.டி. நிறுவனமும் 2022-இல் அவ்வழிக்கே வந்தது. இன்டெலின் ஒருவகைச் சாக்கெட்டில் 1,700 பின்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழை போன்றது. பூட்டுகிறவர் கை சற்றே நடுங்கினால் இரண்டு பின் வளைந்துவிடும். வளைத்தவர், ‘போர்டு வேலை செய்யவில்லை’ என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டால், அதை மறுபடி வாங்குபவருக்கு அது கையால் நேர்ந்த சேதம் என்று கூறி வாரண்டி மறுக்கப்படும். செய்யாத பிழைக்கு அவர் குற்றவாளி ஆகிறார். தாம் வளைக்கவில்லை என்று மெய்ப்பிக்க அவரிடம் சாட்சி ஏதும் இல்லை.

இதற்கு மாறான ஒரு சாதனமும் உண்டு. அதை நினைக்கும்தோறும் எனக்கு ஒருவகை வணக்க உணர்ச்சி உண்டாகிறது. ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும் தாம் எத்தனை மணிநேரம் உழைத்தோம், எத்தனை முறை மின்சாரம் பெற்றோம் என்ற கணக்கைத் தமக்குள்ளேயே எழுதிவைத்துக்கொள்கின்றன, எஸ்.எஸ்.டி. தன்மீது எழுதப்பட்ட தரவின் அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிறு மென்பொருளைக் கொண்டு யாரும் அதைப் படிக்கலாம். மனிதன் மறைத்தாலும் பொருள் பெரும்பாலும் மறைப்பதில்லை. சித்திரகுப்தனின் ஏட்டைப் பற்றி நம் முன்னோர் சொன்னதன் தாற்பரியமும், செய்தவனுடைய உதவியின்றியே செய்கை பதிவாகிறது என்பதுதான். ஆனால் எல்லாப் பாகங்களும் இவ்வாறு பேசுவதில்லை. மதர்போர்டு மௌனமாக இருக்கிறது. அதன் சார்பில் பேசவேண்டிய கடமை, அதைக் கடைசியாகக் கையாண்ட மனிதனுடையது.

இங்கேதான் அறிவுள்ளவர்களும் இடறுகிற ஒரு வாதம் எழுகிறது. “நான் யாரை ஏமாற்றினேன்? இத்தனை கோடி வியாபாரம் நடத்துகிற கம்பெனிக்கு ஒரு போர்டு போனால் என்ன நஷ்டம்? கம்பெனிக்கு முகம் உண்டா, பசி உண்டா?” என்கிறார்கள். முகமற்ற ஸ்தாபனத்துக்குச் செய்யும் துரோகம் துரோகமாகாது என்ற இந்த எண்ணம் நம் காலத்தின் பெரிய மயக்கம் என்று கருதுகிறேன். கம்பெனி அந்தப் போர்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. மறுபடி பெட்டியில் இட்டு விற்கிறது. அதை வாங்கப்போகிறவர் யார்? முழு விலை கொடுக்க வசதியுள்ளவர் திறந்த பெட்டியைத் தேடுவது அரிது. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ குன்னத்திலோ இருக்கும் ஒரு மாணவனிடம்தான் அது வந்து சேர்கிறது. கம்பெனியை எண்ணி வீசிய கல், கம்பெனியைத் தாண்டிப் போய் அவன்மேல் விழுகிறது. நாம் அவனைப் பார்க்கப்போவதில்லை, அவன் நம்மை அறியப்போவதில்லை என்பதனால் அவனுக்கு நாம் பட்ட கடன் குறைந்துவிடாது. கேட்க ஆளில்லாத கடனாகையால் அது கூடுகிறது என்றே சொல்லவேண்டும்.

மகாபாரதத்துச் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்ற தபஸ்வியின் கதை வருகிறது. தம் சடையில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்துபோகும் வரையில் அசையாமல் நின்றவர் அவர். தர்மத்தை அடைந்துவிட்டேன் என்று அவர் பெருமிதம் கொண்டபோது, காசியில் கடை வைத்திருக்கும் துலாதாரனுக்கு நீ இணையாகமாட்டாய் என்று ஒரு குரல் கேட்டது. தேடிப் போனார். வாசனைத் திரவியமும் மூலிகையும் விற்றுக்கொண்டிருந்த அந்த வணிகன் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னவற்றுள் ஒன்று என் மனத்தைவிட்டு நீங்குவதில்லை: பிறர் கையிலிருந்து வாங்கியதையே தான் மறுபடி விற்பதாகவும், அதில் வஞ்சகம் சேர்ப்பதில்லை என்றும் அவன் கூறுகிறான். அவன் எதையும் உற்பத்தி செய்தவனல்லன்; கைமாற்றுகிறவன். வாங்கியதற்கும் விற்பதற்கும் இடையில் பொய் நுழையாமல் காத்ததுதான் அவனுடைய தவம். சடையில் குருவியைத் தாங்கியவரினும் அவனைப் பெரியவன் என்று இதிகாசம் சொல்வது, கைமாற்றம் எவ்வளவு கடினமான சாதனை என்பதை அறிந்தே.

கைமாற்றத்தில் பொய் நுழைந்தால் அது எதுவரையில் போகும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஸ்ரீபுரந்தான் கிராமத்துப் பிரகதீசுவரர் கோயிலில் இருந்த சோழர் காலத்து நடராஜர் திருமேனி களவு போயிற்று. நியூயார்க்கில் கலைப்பொருள் வியாபாரம் செய்த சுபாஷ் கபூரின் கைக்குப் போய், முறையாக இந்தியாவைவிட்டு வந்ததாகக் காட்டும் பொய்ப் பத்திரங்களோடு, 2008-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்குமேல் விலையாயிற்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், திருமேனி கோயிலில் இருந்தபோது எடுத்துவைத்திருந்த பழைய புகைப்படம், இவர்தாம் அவர் என்பதற்குச் சாட்சியாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து திருமேனியை ஒப்படைத்தார். சிலைக் கடத்தல் வழக்கொன்றில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கடவுள் திருமேனியையும் கம்ப்யூட்டர் பாகத்தையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. பொருளோடு ஒட்டிவந்த பத்திரம் பொய்யானால், நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் குற்றத்தின் சங்கிலியில் ஒரு கண்ணியாகிறார் என்பதும், ‘இது எங்கிருந்து வந்தது’ என்று ஆழமாக விசாரிக்கும் கடமை வாங்குபவருக்கும் உண்டு என்பதும் இரண்டிடத்தும் ஒன்றே. மலிவாகக் கிடைக்கிறதே என்று சீரியல் நம்பரைக்கூடச் சரிபாராமல் வாங்குகிறவரும் இதைச் சிந்திக்கவேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குகிறவன் தானே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும் என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கையைச் சில விலக்குகளோடு ஏற்றது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும், குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருக்கும் சரக்கை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது என்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்றும் விதித்திருக்கின்றன. திறந்த பெட்டி என்று சொல்லி விற்றதனால் மட்டும் இவ்வுரிமை அற்றுப்போவதில்லை. சொல்லாத குறைக்கு விற்றவரே பொறுப்பு. மனநிறைவு தரும் முன்னேற்றம் இது. ஆயினும் சட்டத்தின் கை விற்றவரையும் வாங்கியவரையும் தொடுமளவுக்கு, திருப்பி அனுப்பிவிட்டு மறைந்துபோன முதல் மனிதரைத் தொடுவதில்லை. அவரைத் தொடக்கூடியது அவருடைய மனச்சாட்சி ஒன்றே.

ஆகையால் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே. ஒரு பாகத்தைத் திருப்பும்போது, நேர்ந்தது இன்னதென்று ஒரு துண்டுத் தாளில் தெளிவாக எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பின் வளைந்தது உங்கள் கையால் என்றால் அதையும் எழுதி, நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். உடன் வந்த திருகாணியையும் கேபிளையும் எண்ணி வையுங்கள். டிஸ்க்கைத் திருப்பினால் உங்கள் தரவை அழித்து அனுப்புங்கள்; உங்களுக்கு வந்த டிஸ்க்கில் பிறருடைய புகைப்படமோ கடிதமோ இருந்தால் படிக்காமல் அழித்துவிடுங்கள். ஏமாற்றப்பட்டவர்கள் விதி என்று சோர்ந்துவிடவேண்டாம். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கும் தீராவிட்டால், கம்பெனி பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், பெரம்பலூர்க்காரர் பெரம்பலூரிலும் அரியலூர்க்காரர் அரியலூரிலும் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு அதற்குக் கட்டணம் கிடையாது.